அபிப்பிராயத்துக்குப் பெய்த மழை

நெடுஞ்செவலில் முதன்முதலாக அப்படி மழை பெய்வதற்கு முந்தின கணம், மாவு மில் சீனித்தாய் சொன்ன சொல் 'தேவலை' என்பதுதான், வேறே மந்திரமோ மாயமோ ஒன்றும் கிடையாது. சித்திரை மாசம், கத்தரி வெயில், தார் ரோட்டில் செருப்பு ஒட்டி ஒட்டிக் கழன்று வருகிற மத்தியானம், மெஷினில் மிளகாய் வத்தல் ஓடிக்கொண்டிருக்க, சீனித்தாய் வழக்கம்போல் முக்காலியில் உட்கார்ந்து ஒரு மாத நாவலின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்து, புத்தகத்தை மூடி, அட்டையில் படிந்த சிவப்புத் தூளை முந்தானையால் தட்டிவிட்டு, எதிரே தூக்குவாளியோடு நின்ற கோப்பம்மாளிடம் சொன்னாள்: "தேவலை மதினி. துப்பறிய வந்தவனுக்குப் பசிக்குது, செருப்புக் கடிக்குது, மனுசனா இருக்கான். கொலைகாரன் யாருன்னு பாதியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகும் பயமா இருந்துச்சு பாருங்க, அதுதான் எழுத்து." சொல்லி வாய் மூடவில்லை, தகரக் கூரையில் தடதடவென்று இறங்கியது மழை. கால் மணி நேரம் பிடரியில் அறைகிற மாதிரி அடித்து, தெருவில் கிடந்த அத்தனை காலடித் தடத்தையும் துடைத்துவிட்டு, யார் வந்தது யார் போனது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

கோப்பம்மாள் அந்த ஊர் பிரசிடெண்டு. இரண்டு தடவை எதிர்த்து நின்றவர்களை டெபாசிட் இழக்க வைத்தவள், எதற்கும் அசருகிற ஆள் இல்லை. பொடி நனையாமல் தூக்குவாளியை மூடிக்கொண்டு, "காத்தழுத்தம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறு வாரம் சீனித்தாய் ஒரு காதல் நாவலை முடித்துவிட்டு, கேழ்வரகு அரைக்க வந்தவளிடம், "ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் சொல்லிக்கவே இல்ல, ஆனா ரெண்டு பேரும் அதே பஸ்ஸுக்கே காத்திருக்காங்க, எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு" என்று சொன்னபோது வெயில் அடிக்க அடிக்கவே பொடித் தூறல் விழுந்தது, பிள்ளைகள் எல்லாம் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று கத்திக்கொண்டு ஓடின. அதற்கு அடுத்து ஐந்நூறு பக்கத்துக் குடும்ப நாவல் ஒன்று; "மாமியார் பக்கமும் நியாயம் இருக்குன்னு எழுதுனவளுக்கே முந்நூறாம் பக்கத்துலதான் தெரியுது, தெரிஞ்சதும் அதை மறைக்காம எழுதியிருக்கா" என்றாள் சீனித்தாய்; மூன்று நாள் அடைமழை, விட்டு விட்டு முணுமுணுத்துக்கொண்டே பெய்தது. நாலாவது தடவை பெய்தபோது கோப்பம்மாள் குடையை மடக்கிக்கொண்டு மில்லுக்குள் வந்து, மழை ஏன் வருகிறது எப்படி வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, "ஏ சீனி, அடுத்து என்ன புத்தகம் வச்சிருக்க?" என்றுதான் கேட்டாள்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. நெடுஞ்செவல் கரிசல் மண். வானம் பார்த்துப் பார்த்தே கழுத்து நிமிர்ந்துபோன ஜனம். மழை எந்த வழியில் வந்தால் என்ன, வருகிற மழையை வாசலில் நிறுத்தி ரேஷன் கார்டா கேட்க முடியும்? அப்பன் விட்டுப்போன மாவு மில்லை ஒண்டியாக ஓட்டிக்கொண்டு, கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லாமல், நாற்பத்து மூன்று வயது வரைக்கும் புத்தகமே கதி என்று கிடந்த பொம்பளை. அவள் இருபது வருஷமாகப் படித்து முடித்த ஒவ்வொரு நாவலுக்கும் எதிரே நிற்கிறவர்களிடம் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கேட்டவர்கள் எல்லாம் "மாவு சூடா இருக்கே, ஆற வச்சுத் தரக்கூடாதா?" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது திடீரென்று அவள் வாயைத் திறந்தால் முப்பது பேர் காதைத் திறந்தார்கள். அவளுக்கே முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எந்த நாவலுக்கு எந்த மழை என்பது ஆறே மாதத்தில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. சரித்திர நாவல் என்றால் இடி நூறு, மழை பத்து. அதைப்பற்றி அவள் அபிப்பிராயமும் அப்படித்தான் இருந்தது: "அரமனையில எண்ணூறு பேர் சாப்பிடுறான், ஒரு பாத்திரம் கழுவுற ஆளு கதையில இல்ல. ஆனா சுரங்கப்பாதை வரும்போது நானும் கூடவே குனிஞ்சுதான் போனேன்." வெளிநாட்டு நாவலைத் தமிழ்ப்படுத்தினது என்றால் ஆலங்கட்டி, பேர் ஒன்றும் வாய்க்குள் நுழையவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துப் படித்தவள், கிழவன் ஒருத்தன் பனியில் நிற்கிற இடத்தில் தன் விரலே மரத்துப்போச்சு என்று சொல்ல, கொய்யாக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுந்து மூன்று ஓட்டு வீடு பழுதானது. விஞ்ஞான நாவலுக்கு மேற்குத் தெருவில் மட்டும் கோடு போட்ட மாதிரிப் பெய்து, கிழக்குத் தெருவில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் போய், இரண்டு தெருவுக்கும் சண்டை வந்து, இனிமேல் விஞ்ஞானம் வேண்டாம் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள்.

பிடிக்காவிட்டால்தான் வினை. கூடி வந்த மேகம் அவள் 'சீ' என்றதும் கலைந்து, பக்கத்து ஊர்க்காரன் கண்மாயில் போய்ப் பெய்தது. "வேற கிரகத்துல போயி இறங்குறாங்க, சரி. அங்க போயும் ஒருத்தி சமையக்கட்டுலதான் நிக்கிறா. அதுக்கு இங்கயே இருந்திருக்கலாம்ல?" என்று அவள் ஒரு நாவலை மூடிவைத்த அன்றைக்கு, விதைத்துவிட்டுக் காத்திருந்த சம்சாரிகள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா. அதற்குப் பயந்து ஒரு தடவை மட்டும் மனசறியப் பொய் சொன்னாள். நாலு பக்கத்துக்கு ஒரு தடவை கதாநாயகி மயங்கி விழுகிற ஒரு புத்தகத்தை, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். புழுதிக்காற்று கிளம்பிக் கொடியில் கிடந்த துணியெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று, ஒரு சொட்டு விழவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பொய் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மழை வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் ஊரில் இருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கனகசபாபதிக்கு மழை என்றாலே ஆகாது. குச்சி காயாது, மருந்து ஒட்டாது, எல்லாம் நமுத்துப்போகும். அவர் என்ன செய்தார், மதுரைக்குப் போய், பழைய புத்தகக் கடைகளில் இருப்பதிலேயே மட்டமான நாவலாகப் பொறுக்கி, இரண்டு சாக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்து, "வாசிக்கிற பிள்ளைக்கு நம்மளால ஆனது" என்று பெரிய மனுசத்தனமாக மில்லில் இறக்கிவிட்டுப் போனார். மூட்டையில் இருந்ததெல்லாம் அவர் நினைத்தபடியே மட்டம்தான், ஒரே ஒரு பேய் நாவலைத் தவிர. "பேய்க்கு ஒரு நியாயம் வேணும். இந்தப் பேய்க்கு இருக்கு. அது மேல எனக்குக் கோவமே வரல" என்று சீனித்தாய் சொன்னதும் பட்டப்பகலில் ஊளையிட்டுக்கொண்டு வந்த காற்று மழையில் அவருடைய நாற்பது அடுக்குத் தீக்குச்சியும் களியாகப் போயிற்று. அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வயிற்றெரிச்சலோடு வாங்கிக்கொண்டு போனவர், ஒரே மூச்சில் படித்துவிட்டு, மறுநாள் வந்து அதே மாதிரி வேறே பேய் இருக்கிறதா என்று கேட்டார்.

இப்படித்தான் ஊரே படிக்க ஆரம்பித்தது. கோப்பம்மாள் தலைமையில் நாவல் கமிட்டி ஒன்று ஏற்பட்டது. சீனித்தாய்க்குக் கொடுப்பதற்கு முன்னால் கமிட்டி படிக்க வேண்டும், பிடிக்கும் என்று தோன்றினால்தான் மில்லுக்குப் போகும். துப்பறியும் கட்சி, குடும்பக் கட்சி, கனகசபாபதியின் பேய்க் கட்சி என்று மூன்று கட்சி. கண்மாய்க்கரை அரசமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் கையில் ஆளுக்கொரு நாவலோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மின்கணக்கு எடுக்க வந்தவர் இது ஏதோ பரீட்சைக்கூடம் என்று நினைத்துச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாராம்.

ஆனால் சீனித்தாய்க்கு நாளாக நாளாக ஒரு விஷயம் உறுத்தியது. இத்தனை பேர் படிக்கிறார்களே, ஒருத்தராவது அவளிடம், "இல்ல சீனி, எனக்கு அப்படித் தோணல" என்று சொல்லவில்லை. அவள் நல்லது என்றால் நல்லது, குப்பை என்றால் குப்பை. "நீ சொன்னா வானமே கேக்குது, நாங்க எம்மாத்திரம்?" என்று கோப்பம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள். இருபது வருஷமாக யாரும் காதில் வாங்காமல் பேசினபோது இல்லாத ஒண்டித்தனம், ஊரே தலையாட்டினபோது வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அவள் படித்த கதையை இன்னொரு ஆளும் படித்திருக்க வேண்டும், அந்த ஆளுக்கு வேறே மாதிரிப் பட்டிருக்க வேண்டும், அதைப்பற்றி ஒரு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்க வேண்டும், அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசையே அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்து தர ஒரு கமிட்டிக்கும் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் அவளுக்குப் படிப்பே கசந்துபோனது. கசக்காமல் என்ன செய்யும்? புத்தகத்தைப் பிரித்தால் நாற்பது பேர் மில் வாசலில் நின்றுகொண்டு புத்தகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். புருவம் சுருங்கினால் ஒருத்தன் தலையில் கைவைத்து உட்காருகிறான். உதடு லேசாக விரிந்தால் ஒருத்தி குடத்தை எடுத்து வாசலில் வைக்கிறாள். சிரிக்க வேண்டிய இடத்தில் அவளுக்குப் பருத்தி ஞாபகம் வந்தது, அழ வேண்டிய இடத்தில் உளுந்து ஞாபகம் வந்தது. எந்த நாவலும் பிடிக்கவில்லை. சித்திரை போய், ஆடி போய், புரட்டாசியும் போயிற்று. கண்மாய் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டி விழுந்து ஏணி வைத்துத் தூக்கினார்கள். குடிதண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தரம் என்பது போய் எட்டு நாளைக்கு ஒரு தரம் ஆனது.

அந்தக் குடிதண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடுகிற வேலை தவசிலிங்கத்துடையது. நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவன், அதிகம் பேசாதவன், வால்வைத் திருகிவிட்டுத் தொட்டி நிழலில் உட்கார்ந்து நாள் பூராவும் படிக்க நேரம் உள்ளவன் என்பதால் கமிட்டியில் அவனையும் போட்டிருந்தார்கள். அவன் ஒரு கட்சியிலும் இல்லை. கமிட்டி உட்கார்ந்து யோசித்ததில் ஒரு கணக்கு பிடிபட்டது: முக்கால்வாசி மேகம் நாவலின் முடிவில்தான் கலைகிறது. கடைசி வரைக்கும் எப்படியோ பொறுத்துப் படிக்கிறவள், கடைசி அத்தியாயத்தில் வந்து, "கெடுத்துட்டான்" என்று மூடிவிடுகிறாள். சரி, கெடுக்கிற அத்தியாயத்தை முன்கூட்டியே கிழித்துவிட்டால்? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள், இங்கே வெள்ளமே இல்லை, எதைச் செய்தால் என்ன என்று எல்லாரும் சரி சொல்லிவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இங்கேதான் ஆரம்பித்தது.

ஐப்பசி முதல் வாரம் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வந்த பழைய காகிதக் கட்டில் ஒரு பைண்டு புத்தகம் அகப்பட்டது. எந்தக் காலத்திலோ நின்றுபோன ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை, வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, யாரோ ஒரு புண்ணியவதி சணல் நூலில் தைத்து வைத்திருந்தாள். முதல் பக்கம் இல்லை, ஆகவே பேரும் இல்லை, எழுதினவர் யாரென்றும் தெரியாது. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒற்றை மாட்டு வண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஒருத்தியின் கதை. அதில் கொலை இல்லை, பேய் இல்லை, காதல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, எந்தக் கட்சியும் அதைச் சீந்தவில்லை. தவசிலிங்கம் படித்தான். இரண்டு நாளில் படித்து முடித்து, கடைசி அத்தியாயத்தை மட்டும் பிய்த்து எடுத்துவிட்டு மில்லில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

சீனித்தாய் பத்தாம் பக்கத்தில் முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டாள். முப்பதாம் பக்கத்தில் வாசலில் நிற்கிற நாற்பது பேரும் அவளுக்கு மறந்துபோனார்கள். உப்புக்காரி ஒரு ஊர் தாண்டுவாள், ஊருக்கு மேலே ஒரு மேகம் வரும். ஒரு மழைக்கு உப்பெல்லாம் கரைந்து வெறும் சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டுச் சிரிப்பாள், இன்னொரு மேகம் வரும். இப்படி அத்தியாயத்துக்கு ஒன்றாக முப்பத்தெட்டு மேகம், கருத்து, தாழ்ந்து, கோயில் கோபுரத்துக் கலசத்தில் இடிக்கிற உயரத்துக்கு வந்து நின்றது. பதினோரு வருஷம் கழித்து உப்புக்காரி சொந்த ஊர் எல்லைக்கு வருகிறாள், தூரத்தில் அவள் வீடு தெரிகிறது, மாட்டை நிறுத்துகிறாள், அதோடு முடிந்தது. சீனித்தாய் பக்கத்தைத் திருப்பினாள். பின் அட்டைதான் இருந்தது. தையலில் கிழிந்த காகித நுனி துருத்திக்கொண்டிருந்ததை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுல கடைசி இல்லையே" என்றாள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. முடிவு தெரியாமல் ஒரு கதைக்கு அவள் எப்படி அபிப்பிராயம் சொல்வாள்? மேகமும் அப்படியே நின்றது. பெய்யவும் இல்லை, கலையவும் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், பதினோரு நாள். பகலிலேயே தெருவிளக்கு எரிந்தது. கோழி எப்போது அடைவது என்று தெரியாமல் கூண்டுக்கும் குப்பைமேட்டுக்குமாக அலைந்தது. துணி காயவில்லை, குச்சி காயவில்லை, வேர்வை காயவில்லை, ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. தவசிலிங்கத்தைக் கேட்டதற்கு, கைக்கு வரும்போதே கடைசி இல்லை என்று சாதித்தான். வேறே பிரதி இருக்கிறதா என்று கோப்பம்மாள் நாலு டவுன் நூலகத்துக்கு ஆள் அனுப்பினாள். பேரில்லாத கதையை எந்த நூலகத்தில் கேட்பது, ஆள் போன மாதிரியே திரும்பி வந்தான்.

அப்புறம் கட்சிக்காரர்கள் முடிவு சொல்ல வந்தார்கள். துப்பறியும் கட்சி சொன்னது, வீட்டுக்குள் புருஷன் குத்துப்பட்டுக் கிடக்கிறான், கொன்றது அவன் தம்பி. "பொய்" என்றாள் சீனித்தாய். மேகம் ஒரு ஏணி உயரம் மேலே போயிற்று. குடும்பக் கட்சி சொன்னது, புருஷன் ஓடி வந்து காலில் விழுகிறான், மாமியார் ஆரத்தி எடுக்கிறாள். "அந்த மாமியாரா?" என்று மட்டும் கேட்டாள், இன்னும் ஒரு ஏணி. கனகசபாபதி செருமிக்கொண்டு, அவள் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, வண்டி ஓட்டினது பூராவும் அவள் பேய்தான் என்றார். மேகம் மேலே போய், நடுவில் நீலமாக ஒரு துண்டு வானம் தெரிந்துவிட்டது. சம்சாரிகள் பயந்துபோய் இனிமேல் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று கத்தினார்கள். சீனித்தாய்க்கு அழுகை வந்தது. மழைக்காக இல்லை. அந்தப் பொம்பளை வண்டியை நிறுத்தினாளே, இறங்கினாளா இல்லையா என்று தெரியாமல் அவளுக்குப் பதினோரு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் தவசிலிங்கம் மில்லுக்கு வந்தான். கையில் அரைக்க ஒன்றும் இல்லை. கோதுமை ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் கோப்பம்மாளும் இன்னும் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, மோட்டாரை நிப்பாட்டுங்க. ஒரு விசயம் சொல்லணும்."

நிறுத்தினாள்.

"கடைசி அத்தியாயத்தை நான்தான் பிச்சேன்."

"கமிட்டி சொல்லித்தான பிச்சிருப்ப. சரி விடு. காகிதம் எங்க?"

"வெந்நி அடுப்புல போட்டுட்டேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கமிட்டிக்காகப் பிக்கல. உங்களுக்குப் பிடிக்காதுன்னும் பிக்கல. எனக்குப் பிடிக்கல. படிச்சதும் அப்படி ஒரு ஆத்திரம். இதை யாரும் படிக்கக்கூடாதுன்னு பிச்சேன்."

வாசலில் இருந்தவர்கள் எழுந்து அவனை அடிக்க வருகிற மாதிரி வந்தார்கள். சீனித்தாய் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ படிச்சிருக்கேல்ல, அப்ப சொல்லு. அப்படியே சொல்லு, கூட்டாத குறைக்காத."

அவன் சொன்னான். உப்புக்காரி வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறாள். கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது, ஒரு பெண்பிள்ளை குரல் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறது. மகள்தான், பன்னிரண்டு வயசுக் குரல். இவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பிறகு வண்டியில் இருக்கிறதிலேயே வெள்ளையான உப்பு மூட்டை ஒன்றை இறக்கி, கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அவ்வளவுதான், முற்றும்.

சீனித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதையா அடுப்புல போட்ட? பாவி. எவ்வளவு நல்ல முடிவு. உள்ள போயிருந்தான்னா அவ மறுபடி வெளிய வந்திருக்கவே முடியாது. போகாமயும் இருக்க முடியல. அதான் உப்பை வச்சுட்டுப் போறா. தினமும் அந்தப் பிள்ளை திங்கிற சோத்துல அவ இருப்பால்ல."

வழக்கப்படி இந்த இடத்தில் எல்லாரும் தலையாட்ட வேண்டும். கோப்பம்மாள் ஆட்டிவிட்டாள். தவசிலிங்கம் ஆட்டவில்லை.

"நீங்க சொல்றது தப்புக்கா" என்றான்.

"என்ன?"

"தப்பு. பிள்ளைக்கு உப்பு வேண்டாம்க்கா. ஆத்தா வேணும்." அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "எங்க அம்மா விட்டுட்டுப் போறப்ப எனக்கு ஆறு வயசு. வாசல்ல ஒரு மூட்டை என்ன, ஒரு வண்டி உப்பை இறக்கி வச்சிருந்தாலும் எனக்குச் சரியாயிருக்காது. கதவைத் தட்டியிருக்கணும். திட்டு வாங்கியிருக்கணும். எழுதுனவனுக்கு அவ மேலதான் பிரியம், உள்ள இருக்கிற பிள்ளையை அவன் நினைச்சே பாக்கல. நீங்களும் நினைச்சுப் பாக்கல."

சீனித்தாய்க்கு முகம் சிவந்தது. "பிள்ளையை நினைக்காமலா அந்த நல்ல மூட்டையைத் தேடி எடுத்தா? பதினோரு வருசம் தட்டாத கதவு தவசி அது. தட்டுனா யாரு வந்து திறப்பா? அந்தப் புருசன்தான."

"திறக்கட்டுமே. அதுக்குப் பயந்தா பெத்தவளா?"

"பயம்னு எந்த வரியில இருக்கு? காட்டு."

"எரிச்சுட்டேனே, எங்கிட்டுக் காட்ட? ஆனா இருந்துச்சு. மாட்டைத் திருப்புறப்ப அவ கை நடுங்குச்சுன்னு இருந்துச்சு."

"அதை ஏன் முதல்லயே சொல்லல? கூட்டாத குறைக்காதன்னு சொன்னேன்ல. கை நடுங்குச்சுன்னா அது பயமில்ல, ஆசை."

"பயம்தான்."

"ஆசை."

இருவரும் இப்படியே மல்லுக்கு நின்றார்கள். சீனித்தாய் ஒரு நியாயம் சொல்வாள், அவன் அதைக் கவிழ்ப்பான்; அவன் ஒன்று சொல்வான், அவள் வேறே பக்கமிருந்து வருவாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் படித்த கதைக்குள் இன்னொரு ஆள் இருந்தார், அதுவும் எதிர்ப்பக்கம். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, கூடவே இதற்கு மேல் ஒரு சந்தோஷம் இருக்க முடியாது என்றும் இருந்தது. அவன் சொன்னதில் பாதி சரி என்று அவளுக்கே பட்டது. பட்டதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. கோப்பம்மாள்தான் அவள் தோளைத் தொட்டு, "ஏ சீனி, கொஞ்சம் வெளிய பாரு" என்று சொன்னாள். மழை பெய்ய ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அது எந்த நாவலுக்கும் பெய்த மழை மாதிரி இல்லை. இடி இல்லை, காற்று இல்லை, கட்டி இல்லை, மேற்குத் தெரு கிழக்குத் தெரு என்று ஓரவஞ்சனை இல்லை. நிதானமாக, கனமாக, நேராக இறங்கியது. இரண்டாம் நாள் கண்மாயின் வெடிப்பெல்லாம் மூடியது. மூன்றாம் நாள் மடைக்கல் முங்கியது. தவசிலிங்கம் முழங்கால் தண்ணீரில் நடந்து மில்லுக்கு வந்து, ராத்திரி பூராவும் யோசித்து வைத்த இன்னொரு நியாயத்தைச் சொல்லிவிட்டுப் போனான். வழியெல்லாம் கேட்டவர்களுக்குக் கடைசி அத்தியாயத்தைச் சொல்லிக்கொண்டே போனதால், நாலாம் நாள் ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. தட்டியிருக்க வேண்டும் என்று பாதி, போனதுதான் சரி என்று பாதி, மூட்டையைத் தெருநாய் பிரித்திருக்கும் என்று கனகசபாபதி மட்டும் தனியாக. மழைக்கு ஒதுங்கின ஜனமெல்லாம் மில்லுக்குள் நின்றுகொண்டு ஒரே சளசளப்பு. கோப்பம்மாளுக்குப் பிரசிடெண்டு என்கிற முறையில் ஒரு கவலை வந்தது. "ஏய், கொஞ்சம் இருங்கப்பா. இது யாரு அபிப்பிராயத்துக்குப் பெய்யுது? அதைச் சொல்லுங்க முதல்ல."

யாருக்கும் தெரியவில்லை. சீனித்தாய் அபிப்பிராயத்துக்கா, தவசிலிங்கம் அபிப்பிராயத்துக்கா, இல்லை அவரவர் சொல்லிக்கொண்டிருந்த அபிப்பிராயம் அத்தனைக்கும் சேர்த்தா என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. அதைப்பற்றியும் சண்டை ஆரம்பித்தது.

சீனித்தாய் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். ஒருத்தர்கூட அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கனகசபாபதி இறக்கிவிட்டுப் போன புத்தக மூட்டையில் கைக்கு வந்த ஒரு நாவலை எடுத்துப் பிரித்தாள். எட்டுப் பக்கம் படித்தாள். இன்னும் இரண்டு பக்கம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பட்டென்று மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இரண்டு வருஷமாக வானத்துக்குப் பயந்து பயந்தே சொல்லிக்கொண்டிருந்த சொல்லை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"குப்பை."

சளசளப்பு அப்படியே நின்றது. அத்தனை பேரும் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். மழை ஒரு சொட்டுக் குறையாமல் பெய்துகொண்டிருந்தது. கோப்பம்மாள்தான் முதலில் கழுத்தை இறக்கினாள். அவள் சீனித்தாய் மடியில் இருந்த புத்தகத்தின் அட்டையை எட்டிப் பார்த்தாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அதையா குப்பைங்கிற? நான் படிச்சிருக்கேன். உனக்கென்னடி தெரியும், தள்ளி உக்காரு."